இயந்திரம் வந்துவிட்டது, இடம் எங்கே?

திருவொற்றியூர் காலடிப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்து. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று, அதனோடு ஒட்டிய சமையற்கட்டு; அவ்வளவுதான் வீடு. எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தி வகுப்பில் நாள்தோறும் கண்ணயர்வதைக் கண்டு, காரணம் அறியும் பொருட்டு அவ்வீட்டுக்குச் சென்றிருந்தேன். நிலைப்படியைத் தாண்டியதும் கண்ணிற்பட்டது சுவரோரம் நின்ற தையல் இயந்திரம். அதன்மேல் அரிசி மூட்டை. மூட்டையின்மேல் பள்ளிப் பைகள். பைகளின்மேல் மடித்து வைத்த பாய்.

"மிஷின் ஓடவில்லையா?" என்று கேட்டேன்.

"ஓடுது உஸ்தாபி. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மூட்டையை இறக்கிவிட்டுத் தைப்பேன். பகலில் அதை இழுத்துப் போட்டால் வாசலுக்கு வழி இருக்காது" என்றார் அத்தாய்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் ஒரு மணி வரை தையல். உறங்கும் பிள்ளைகளின் தலைமாட்டில் இயந்திரம். விளக்கும் அணையாது, சத்தமும் ஓயாது. மூத்தவள், அதாவது என் மாணவி, ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பாள். அவள் வகுப்பில் தூங்கியதற்குக் காரணம் விளங்கிவிட்டது. தாயாருக்கோ வலது தோளைத் தலைக்கு மேல் உயர்த்த இயலவில்லை. மருத்துவரிடம் காட்டியதற்கு, "தையலைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்" என்றாராம். நிறுத்தினால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது?

அந்த இயந்திரம் இரண்டாண்டுகளுக்கு முன் ஓர் அறநிலைய அமைப்பு விழா எடுத்து வழங்கியது. மேடையில் மாலை, புகைப்படம், சிற்றுண்டி எல்லாம் இருந்தன. கொடுத்தவர்கள் நல்லவர்களே, அவர்களது நல்லெண்ணத்தில் எனக்குக் கடுகளவும் ஐயமில்லை. ஆயினும் அதை வாங்கிச் சென்ற பெண்ணிடம், "அம்மா, இதை உன் வீட்டில் எங்கே போடப் போகிறாய்? எதில் உட்காருவாய்? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" என்று எவரும் கேட்கவில்லை. ஏழைப் பெண்ணுக்குத் தையல் இயந்திரம் கொடுப்பது நம் சமுதாயத்தில் ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்ட இந்நாளில், கேட்கப்படாத அக்கேள்விகளைப் பற்றித்தான் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

துணியோடு பிறந்த ஊர்கள்

துணி நம் வடசென்னைக்குப் புதிதன்று. 1717 முதல் 1720 வரை கோட்டையில் ஆளுநராயிருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊரே காலட்பேட்டை; அது மக்கள் நாவில் மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. அதே பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. சாலையில்தான் இன்றும் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் ஏழை எளியவர் துணி எடுக்கின்றனர். பெரம்பூரில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை நூறாண்டுக்கு மேல் ஓடி 1996இல் மூடப்பட்டது. ஆலைச் சங்கு ஓய்ந்தாலும் துணி ஓயவில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தச் சந்தில் நுழைந்தாலும் நைட்டி, உள்பாவாடை, சுடிதார், புர்கா, புடவைக்கு ஃபால்ஸ் என்று ஏதேனும் ஒன்று ஏதேனும் ஒரு வீட்டில் தைக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆலையில் வேலை செய்தவருக்குச் சங்கு ஒலித்ததும் வேலை முடிந்தது. வீட்டில் தைப்பவளுக்குச் சங்கும் இல்லை, முடிவும் இல்லை.

தையற்கலையை முதன்முதலில் மேற்கொண்டவர் நபி இத்ரீஸ் (அலை) அவர்கள் என்பது மரபுவழி வந்த செய்தி. இயந்திரத்தின் கதையோ மிகவும் பிற்பட்டது. 1830இல் பார்த்தெலெமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் ஓர் இயந்திரம் செய்து காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே, தம் பிழைப்புப் பறிபோகும் என்று அஞ்சிய பாரிஸ் நகரத் தையற்காரர்கள் அவரது தொழிற்கூடத்தில் புகுந்து இயந்திரங்களை நொறுக்கிவிட்டனர். 1846இல் எலியாஸ் ஹோவும், 1851இல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்ளும் இன்றைய தையல் அங்கிருந்து வந்ததுதான். 1856 அளவில் சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கவே, அது வீடுகளுக்குள் நுழைந்தது. நம் நாட்டில் 1930களில் கல்கத்தாவில் தோன்றிய ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனத்தின் 'உஷா' இயந்திரம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது.

இயந்திரங்களின் மீது ஐயம் கொண்டிருந்த காந்தியடிகளே தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார். 1924இல் டில்லியில் நிகழ்ந்த ஓர் உரையாடலில், மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப் பொறாத சிங்கரின் அன்பிலிருந்து அது பிறந்தது என்னும் கருத்துப்பட அவர் பேசினார். சிங்கரின் உண்மையான இல்லற வாழ்வு அப்படியொன்றும் போற்றத்தக்கதன்று. அது வேறு கதை. அடிகளின் கருத்து என்னவோ செம்மையானது. பெண்ணின் உடல் வருத்தத்தைக் குறைப்பதற்கென்றே ஒரு பொறி இருக்குமானால் அது இதுவே. அதை வைக்கும் முறையில் பிழை நேர்ந்தால் கை வருத்தம் தோளுக்கும் இடுப்புக்கும் இடம் மாறுகிறதேயன்றிக் குறைவதில்லை.

இஞ்சு டேப்பை உங்கள் மீதே வையுங்கள்

ஊராரின் மார்பளவும் இடுப்பளவும் எடுக்கின்ற நம் சகோதரிகள் தங்கள் அளவை எடுத்துப் பார்ப்பதில்லை. இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வழக்கமாகத் தைக்கும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேற்கைகளை விலாவோடு ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம்? பிறகு தரையிலிருந்து இயந்திரத்தின் ஊசித்தகடு வரை எத்தனை அங்குலம்? இரண்டும் ஏறத்தாழ ஒன்றாயிருக்க வேண்டும். ஊசித்தகடு இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தால் தாழ்வில்லை; பார்வைக்கு அது உதவியாகவே இருக்கும்.

நான் கூறிய அத்தாயின் வீட்டில் அளந்தோம். நாற்காலி பதினாறு அங்குலம், முழங்கை இருபத்து நான்கரை, ஊசித்தகடு முப்பது. ஐந்தரை அங்குல வேறுபாடு! அந்த ஐந்தரை அங்குலத்தையும் அவர் தம் தோள்களைத் தூக்கியே இரண்டாண்டுகளாக ஈடுகட்டி வந்திருக்கிறார். தோள் வலிக்காமல் என்ன செய்யும்? மிதி இயந்திரத்தின் இரும்புக் கால்களும் பலகையும் பெரும்பாலும் முப்பது அங்குல உயரத்துக்கே வார்க்கப்படுகின்றன. ஐந்தடி உயரமுள்ள நம் பெண்களை எண்ணி அந்த உயரம் வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

மேசையைக் குறைக்க முடியாது. ஆகவே இருக்கையை உயர்த்த வேண்டும். "கால் தரையில் படாமல் தொங்குமே" என்று நீங்கள் கேட்பது நியாயமே. மிதி இயந்திரத்தில் கால் தரையில் இருப்பதில்லை, மிதியின் மேல் இருக்கிறது. அது தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் உயர்ந்தே நிற்கும். எனவே இருக்கையை நான்கு அங்குலம் உயர்த்தினாலும் முழங்கால் சரியாகவே மடங்கும். மோட்டார் பொருத்தியவர்களின் நிலை வேறு. அவர்களது கால் மிதிக்கும் சிறு பெட்டி தரையோடு கிடப்பது. அவர்கள் அதனடியில் ஒரு மணைப்பலகையை வைத்து இரு பாதங்களையும் அதன்மேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஒரு கால் பெட்டியிலும் மறு கால் அந்தரத்திலுமாக மணிக்கணக்கில் அமர்ந்திருப்பதே பல பெண்களின் இடுப்பு வலிக்கு மூலம்.

முக்காலி வேண்டவே வேண்டாம். முதுகு சாய இடமில்லாத இருக்கை தையலுக்கு உதவாது. கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் நாற்காலியும் உதவாது. கைப்பிடி மேசையில் இடித்து உங்களைத் தொலைவில் நிறுத்திவிடும், நீங்கள் முன்னோக்கி வளைந்துதான் தைக்க நேரும். கைப்பிடியற்ற மரநாற்காலி ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தால் போதும். அதன் கால்களுக்குத் தச்சரிடம் கட்டை வைத்துத் தரச் சொல்லலாம். நான்கு கட்டைகளிலும் குழி தோண்டி நாற்காலிக் கால் அதனுள் அமரும்படி செய்தால் நழுவாது. வெட்டுத்துணியைத் திணித்துத் தைத்த திண்டு ஒன்று கீழே, மற்றொன்று இடுப்புக்குப் பின்னால். வெட்டுத்துணிக்கு நம்மிடம் பஞ்சமா?

அடுத்து, நாற்காலியை எந்த இடத்தில் போடுவது? இயந்திரத்துக்கு நேர் நடுவில் போடுவதே வழக்கம். அது பிழை. ஊசி இயந்திரத்தின் இடக்கோடியில் இருக்கிறது. உடம்பு நடுவிலும் பார்வை இடப்புறமுமாக இருந்தால் கழுத்து நாள் முழுதும் திரும்பியே இருக்கும். உங்கள் மூக்குக்கு நேரே ஊசி இருக்கும்படி நாற்காலியைச் சற்றே இடப்புறம் நகர்த்துங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு செலவில்லை. அன்றே கழுத்துப் பாரம் குறைந்தது என்று சொன்னவர்கள் என் அறிமுகத்திலேயே மூவர்.

கைப்பிடிச் சக்கரமுள்ள இயந்திரத்தை மரப்பெட்டியோடு சாப்பாட்டு மேசையின் மேல் தூக்கி வைத்துத் தைப்போரும் உளர். பெட்டியின் உயரம் மேசையோடு கூடிவிடுவதால் ஊசித்தகடு ஏறக்குறைய மார்பு மட்டத்துக்கு வந்துவிடும். அவர்கள் தாழ்ந்த மேசை தேடுவதே வழி.

வெளிச்சமும் திரையும்

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சங்கடம் இங்கு உண்டு. வெளிச்சம் வருவது சன்னல் வழியாக. அந்நியர் பார்வை வருவதும் அதே வழியாக. ஆகவே சன்னலை முழுத்திரையிட்டு மூடிவிட்டுப் பட்டப்பகலில் மங்கிய விளக்கொளியில் கறுப்புப் புர்காவைக் கறுப்பு நூலால் தைத்துக்கொண்டிருக்கிறார்கள் நம் பெண்கள். கண் என்னாவது?

திரையை அகற்றச் சொல்லவில்லை, பாதியாக்கச் சொல்கிறேன். சன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒரு கம்பியில் அரைத்திரை கோத்துவிடுங்கள். அமர்ந்து தைப்பவரின் தலை திரைக்குக் கீழேயே இருக்கும். தெருவில் செல்வோர் காண்பது கூரையைத்தான். மேற்பாதி வழியே வரும் வானொளி துணிமீது விழும். எங்கள் மதரஸாத் தையல் வகுப்பில் இம்முறையைச் செய்து பார்த்த பிறகே உங்களுக்கு எழுதுகிறேன்.

வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வர வேண்டும். இயந்திரத்தின் தூண்பகுதி ஊசிக்கு வலப்புறம் நிற்பதால், வலப்புற ஒளியை அதுவே மறைத்துவிடும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் நிழலே தையல்மீது விழும். எதிரே உட்கார்ந்தால் கண் கூசும். இரவில் தைப்போர் கூரைக் குழல்விளக்கை மட்டும் நம்புதல் ஆகாது. ஊசியருகே வளைகழுத்து விளக்கு ஒன்று தேவை. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பை நாளுக்கு ஆறு மணி நேரம் எரித்தாலும் முப்பது நாளில் ஆகும் மின்சாரம் ஒன்றரை யூனிட்டை ஒட்டியதுதான். மின்கட்டணத்துக்கு அஞ்சி இதில் சிக்கனம் பார்த்தவர்கள் கண் மருத்துவரிடம் கொடுத்தது அதனினும் மிகுதி.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு இன்னொரு சொல். ஊசியில் நூல் கோக்கப் பிள்ளையைக் கூப்பிடத் தொடங்கிவிட்டீர்களா? அது வெள்ளெழுத்து. வயதின் இயல்பேயன்றி நோயன்று. எனக்கும் வந்துவிட்டது. கண்ணாடி போட்டால் மூப்பு தெரிந்துவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். தையற்காரிக்குக் கத்தரியைப் போலவே கண்ணாடியும் ஒரு கருவிதான்.

கடற்காற்றும் கரித்தூளும்

இயந்திரத்தை எங்கு போடுவது என்பதில் மற்ற ஊர்ப் பெண்களுக்கு இல்லாத ஒரு கவலை இராயபுரத்தாருக்கும் எண்ணூராருக்கும் உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். தூசி துணியைக் கெடுக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்பட்ட காலத்தில் இராயபுரம் வீடுகளின் சன்னற்கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும். நீதிமன்ற ஆணையை அடுத்து 2011இல் அங்கு அது நின்று, கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது. இராயபுரத்தார் மூச்சு விட்டனர். எண்ணூராருக்கோ அனல்மின் நிலையச் சாம்பலோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

எனக்கு அறிமுகமான ஒரு சகோதரி வெள்ளைப் பாவாடைத் துணி அறுபது உருப்படி தைத்து முடித்து, திறந்த மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு உறங்கியிருக்கிறார். விடிந்து பார்த்தால் மேலடுக்கு முழுவதும் சாம்பல் படிந்திருந்தது. தட்டியபோது அது கறையாக இழுபட்டுவிட்டது. துணி கொடுத்த வியாபாரி அத்தனை உருப்படிக்கும் கூலியைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் அவர் தைத்தது வீண்.

ஆகையால், தைத்ததும் தைக்க வேண்டியதும் மூடியுள்ள தகரப் பெட்டியிலோ வாய்கட்டிய பையிலோ இருக்கட்டும். தைக்க அமருமுன் மேசையை ஈரத்துணியால் துடைத்து, பின்பு உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். வேலை முடிந்ததும் இயந்திரத்துக்குப் பருத்தி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துத் துருவுக்கு வழி செய்யும். கடலை நோக்கிய சன்னல் இருந்தால் இயந்திரம் அதற்கு நேரெதிரே வேண்டாம். பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள். பாபின் கேஸ், ஊசித்தகடு, அழுத்துக்கால் இவற்றில்தான் துரு முதலில் பிடிக்கும். வாரம் ஒருமுறை கழற்றிப் பஞ்சுத் தூசியைத் தூரிகையால் நீக்கித் தையல் இயந்திர எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு, வேண்டாத துணியில் சிறிது தைத்து மிகுதி எண்ணெயைப் போக்கிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், தூசி உங்கள் மூச்சுக்குள் போகும், எச்சிலின் ஈரம் இரும்பில் படும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது நாளடைவில் பிசினாக இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் தெருமுனையில் திரும்பினால் நம் வீட்டுப் பாத்திரங்கள் அதிர்வதைக் காண்கிறோம். இயந்திரமும் அப்படியே மெல்ல நகர்ந்து சாயும். நான்கு காலுக்கடியிலும் பழைய டயர்த் துண்டு ஒவ்வொன்று வைத்தால் அதிர்வும் குறையும். இரவில் கீழ்வீட்டாருக்குச் சத்தமும் குறையும்.

2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயலின் பெருமழையில் எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதிகளில் நீர் புகுந்ததோடு, கசிந்த கச்சா எண்ணெயும் கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் பரவி வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு இழுத்துவிட்டுப் போயிற்று. அந்நாளில் தையல் இயந்திரத்தைக் காப்பாற்றியவர்கள் ஒரு செய்தியை அறிந்தவர்கள்: இயந்திரத்தின் தலைப்பகுதி இரண்டு திருகாணிகளால்தான் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அவற்றைத் தளர்த்தி, பட்டையைக் கழற்றினால், தலையைத் தூக்கிப் பரணில் வைத்துவிடலாம். கனம் மிகுதிதான், இருவராகத் தூக்குங்கள். எந்தத் திருகாணி என்பதை மழைக்கு முன்பே, வெயில் நாளில் ஒருமுறை கழற்றிப் பழகிக்கொள்ள வேண்டும். நீரில் மூழ்கிவிட்டால் மின்னிணைப்பைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கும் துணிவு கூடவே கூடாது. மோட்டாரைத் தனியே கழற்றிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டு, தலைப்பகுதியை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெயிட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது சிறிதே, ஆனால் உயிரோடு தொடர்புடையது. இயந்திரம் முழுதும் இரும்பு. தரை ஈரமானது. கால் வெறுங்கால். மூன்று முனைப் பிளக்கும், முறையான எர்த் இணைப்பும், முப்பது மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டதும் தானே அணையும் பாதுகாப்புச் சுவிட்சும் இல்லாத வீட்டில் மோட்டார் பொருத்தாதீர்கள், மிதித்தே தையுங்கள். இஸ்திரிப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் ஒரே நீட்டிப்புக் கம்பி ஆகாது.

துப்பட்டாவையும் எச்சரிக்கிறேன். சக்கரத்திலும் பட்டையிலும் துப்பட்டாவின் நுனி சுற்றிக்கொண்டால் கழுத்து இறுகும். தைக்கும்போது அதனைக் குறுக்காகச் சுற்றிப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள். பட்டை ஓடும் பக்கம் சுவர் இருக்குமாறு இயந்திரத்தைப் போட்டால் தவழும் குழந்தையின் விரலும் பிழைக்கும். முறிந்த ஊசிகளுக்கு ஒரு மருந்துப் புட்டி. விழுந்த குண்டூசிகளைத் தேட ஒரு காந்தம்.

பத்தடி அறையில் எந்த மூலை?

இவ்வளவும் சரி, இடம் வேண்டுமே என்பீர்கள். அதுதான் இக்கட்டுரையின் முதற்கேள்வி.

தையலுக்கு உண்மையில் வேண்டிய இடம் நாம் அஞ்சும் அளவு பெரிதன்று. இயந்திரத்துக்கு மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம். நாற்காலிக்கு மேலும் இரண்டடி. ஆக, மூன்றடிக்கு மூன்றரையடி. பத்தடி அறையில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பயன்படாத ஒரு ட்ரங்குப் பெட்டி, ஓடாத மின்விசிறி, சீர்வரிசையில் வந்து பிரிக்கப்படாத அண்டா. அண்டாவுக்கு இடமிருக்கிறது, சம்பாதிக்கும் பெண்ணுக்கு இல்லை!

துணி வெட்டும் இடம் தனியாக வேண்டியதில்லை. தரையில் மண்டியிட்டு வெட்டுவதைத்தான் விட வேண்டும்; முதுகை ஒடிப்பது தையலைவிட அதுவே. கட்டிலின்மேல் ஓர் ஒட்டுப்பலகையைப் போட்டு, அதனடியில் தலையணை வைத்து உயர்த்தி, நின்றபடியே வெட்டலாம். வேலை முடிந்ததும் பலகை கட்டிலுக்கடியில் போய்விடும்.

இருக்கும் நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பது உடம்புக்கு நல்லது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். வேளை தவறாது தொழுவோருக்குப் பகலில் சில இடைவெளிகள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. அவற்றுக்கிடையிலும் ஒருமுறை எழுந்து தொலைவிலுள்ளதை நோக்கிக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

இயந்திரம் வாங்க வசதியற்றவர்களுக்கு அரசின் உதவியும் உண்டு. சமூக நலத்துறையின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம், பெரம்பூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராயிருந்த சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால் வழங்குகிறது. கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், வறிய பெண்கள் ஆகியோருக்கு உரியது. வயது, வருமான வரம்புகளையும் தையற்பயிற்சிச் சான்று பற்றிய விதியையும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டறிந்து விண்ணப்பியுங்கள். சிறுபான்மையினர் நலத்துறையும் இயந்திரங்கள் வழங்கி வந்துள்ளது. ஆனால் எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் நாற்காலியையும் விளக்கையும் நான் கண்டதில்லை.

அதனால்தான் ஜமாஅத் பெரியவர்களையும் அறப்பணி செய்வோரையும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பத்து இயந்திரங்கள் வாங்கும் தொகையில் எட்டு வாங்குங்கள். மீதத்தில் எட்டு நாற்காலி, எட்டு விளக்கு, எர்த் இணைப்பைச் சரிபார்க்க ஓர் எலக்ட்ரீசியனின் கூலி. மேடைக்கு அழைக்குமுன் அப்பெண்ணின் வீட்டுக்கு ஒரு பெண்ணை அனுப்பி, இஞ்சு டேப்பால் ஒருமுறை அளந்துவரச் சொல்லுங்கள். புகைப்படத்தில் இரண்டு பேர் குறைவர். அதைப் பெரிதாக எண்ண வேண்டாம். அந்த இருவர் அடுத்த ஆண்டுப் பட்டியலில் முதலில் நிற்கட்டும்.

காலடிப்பேட்டை வீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அரிசி மூட்டை இப்போது சமையற்கட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. ட்ரங்குப் பெட்டி நின்ற சன்னலோர மூலைக்கு இயந்திரம் போயிற்று. குடும்பத் தலைவர் முதலில் முகம் சுளித்தார். பெட்டி அவருடைய தாயார் கொண்டுவந்தது. பிறகு அவரே அதைத் துடைத்துப் பரணில் ஏற்றிக் கொடுத்தார். பகல் வெளிச்சத்தில் தைக்க முடிவதால் இரவுத் தையல் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. பெருநாள் நெருக்கத்தில் மட்டும் பழையபடி ஆகிவிடுகிறது. தோள்வலி முற்றிலும் தீரவில்லை. கை இப்போது காது மட்டம் வரை உயர்கிறதாம்.

சென்ற மாதம் போயிருந்தபோது, சன்னலருகே சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு கோடுகள் இழுத்திருப்பதைக் கண்டேன். என்னவென்று கேட்டேன்.

"மேலே இருக்கிறது என் நாற்காலி அளவு, உஸ்தாபி. கீழே இருக்கிறது இவளுக்கு. இவள் என்னைவிட ரெண்டு விரல் உயரமாயிட்டா, கட்டை அவ்வளவு வேண்டாம். லீவு நாளில் பாவாடை தைக்கக் கத்துக்கிறா" என்றார்.

மாணவி தலை குனிந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் வகுப்பில் தூங்குவதில்லை; பேசுகிறாள்.